ஈரக் காற்றில் இலை உலர்த்துவது: சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டுக்கு ஓர் உலர்பெட்டி

தேக்கா சந்தையில் இரண்டு கட்டு முருங்கைக்கீரை வாங்கி வந்து, உருவி, அலசி, பழைய வேட்டியில் பரப்பி வையுங்கள். ஊரில் என்றால் மூன்று நாளில் நிழலிலேயே சருகாகிவிடும். இங்கே மூன்றாம் நாள் பார்த்தால் பாதி இலை கறுத்திருக்கும், முகர்ந்தால் புளித்த வாடை அடிக்கும். காரைக்குடியிலிருந்து வந்திருந்த என் மாமியார் வேட்டியை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, "இங்க காத்தே நனைஞ்சு கெடக்கே, எலை எப்படிக் காயும்?" என்றார். அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் இந்தப் பெட்டி பிறந்தது.

முருங்கை, கறிவேப்பிலை, துளசி, வல்லாரை போன்றவற்றை வீட்டிலேயே உலர்த்திப் பொடியாக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புகையிலைக்கான உலர்கூட வரைபடங்களைப் பார்த்து யாரும் பெட்டி செய்துவிட வேண்டாம். அங்கே இலை மெல்ல மஞ்சளாக வேண்டும் என்பதற்காக முதல் கட்டத்தில் ஈரத்தை வேண்டுமென்றே உள்ளே அடைத்து வைப்பார்கள். நமக்கு இலை பச்சையாகவே இருக்க வேண்டும். அதனால் முதல் சில மணி நேரம் திறப்பெல்லாம் அகலத் திறந்திருக்க வேண்டும். அதாவது, முறை நேர் எதிர்.

காற்றில் எவ்வளவு இடம் இருக்கிறது

27 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 26 கிராம் நீராவியைத் தாங்கும். சிங்கப்பூரில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். ஆக, அந்தக் காற்றில் ஏற்கெனவே 21 கிராம் போல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. உங்கள் இலையிலிருந்து வரும் நீருக்கு மிஞ்சி இருப்பது நான்கைந்து கிராம் இடம்தான்.

அதே காற்றை 40 டிகிரிக்குச் சூடாக்கினால் அது தாங்கும் அளவு 51 கிராமாகிவிடும். உள்ளே இருக்கும் தண்ணீர் அதேதான், ஆனால் ஈரப்பத மீட்டர் 80க்குப் பதிலாக 40 விழுக்காடு போல் காட்டும். இலைக்கு வேண்டிய இடம் இப்படித்தான் கிடைக்கிறது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. விடியற்காலையில் ஈரப்பதம் 95 விழுக்காடு, மழையில்லாத பிற்பகலில் 60 என்று பார்த்துவிட்டு, காலைக் காற்றில் தண்ணீர் அதிகம் என்று நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 டிகிரியில் 95 விழுக்காடும் 32 டிகிரியில் 62 விழுக்காடும் கன மீட்டருக்கு அதே 21 கிராமுக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கும். மாறுவது வெப்பம் மட்டுமே. எனவே ஹீட்டர் இல்லாமல் உலர்த்துபவருக்குப் பகல் ஒரு மணி முதல் ஐந்து மணி வரைதான் நல்ல நேரம். ஹீட்டர் வைத்திருப்பவருக்கு எந்த நேரமும் ஒன்றுதான், காலையில் கொஞ்சம் மின்சாரம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவே.

எங்கே வைப்பது

என் முதல் பெட்டியை பாம் ஷெல்ட்டருக்குள், அதாவது வீட்டோடு கட்டியிருக்கும் பாதுகாப்பு அறைக்குள், வைத்தேன். இடைஞ்சல் இல்லாத இடம், வெளிச்சமும் படாது என்று நினைத்தேன். இரண்டாம் நாள் கதவைத் திறந்தபோது மூக்கில் ஏறிய பூஞ்சை வாடையை இன்னும் மறக்கவில்லை. பெட்டிக்குள் ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பெட்டி வெளியே விட்ட ஈரம் அந்த அறையை விட்டுப் போக வழியில்லாமல், கீழ்த் திறப்பு வழியாகத் திரும்பப் பெட்டிக்குள்ளேயே நுழைந்திருக்கிறது. அறையே ஒரு பெரிய ஈரப்பெட்டியாக மாறிவிட்டது.

அதனால் முதல் விதி: பெட்டியிலிருந்து வரும் காற்று வீட்டை விட்டு வெளியே போக வேண்டும். சன்னலோரமாகப் பெட்டியை வைத்து, துணி உலர்த்தும் இயந்திரங்களுக்குப் பொருத்துவார்களே, அந்த மாதிரி வளையும் குழாய் ஒன்றை மேல் திறப்பிலிருந்து சன்னலுக்கு விடுங்கள். குழாய் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. துவைத்த துணி தொங்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். மழை நாளில் மூங்கில் கழிகளை உள்ளே இழுத்துவிட்டால், ஒரு தடவை துவைத்த துணிகளிலிருந்து வரும் ஈரம் உங்கள் இலையின் ஈரத்தைவிடப் பல மடங்கு இருக்கும். அடுப்புக்கு அருகிலும் வேண்டாம். பொது நடைபாதையை நினைத்தே பார்க்காதீர்கள். அது தீ விபத்தின்போது எல்லாரும் ஓடும் வழி.

குளிர்சாதன அறை மட்டும் இந்த விதிக்கு விலக்கு. ஏர்கான் ஓடும் அறையில் காற்றின் ஈரத்தை அந்த இயந்திரமே பிடித்து வெளியே சொட்டவிடுகிறது. ஈரம் உறிஞ்சும் கருவி வைத்த சிறிய அறையும் அப்படித்தான். இங்கெல்லாம் கதவு சன்னலைச் சாத்திவிட்டு, பெட்டியின் காற்றை அறைக்குள்ளேயே விடலாம். புதிதாகத் தொடங்குபவர்கள் ஹீட்டர் வேலையில் இறங்காமல் முதலில் இப்படி வெறும் ஃபேனோடு செய்து பார்க்கலாம். முருங்கைக்கு ஒன்று, ஒன்றரை நாள் ஆகும். கருவியின் தொட்டியில் சேரும் தண்ணீரை அன்றன்றே கொட்டிவிடுங்கள். ஏடிஸ் கொசுவுக்கு அது போதும்.

பெட்டி

என்னுடையது 40 சென்டிமீட்டர் அகலம், 40 ஆழம், 80 உயரம். 9 மில்லிமீட்டர் பிளைவுட். பழைய செருப்பு அலமாரி இருந்தாலும் நன்றாகக் கழுவி வெயிலில் வைத்துப் பயன்படுத்தலாம். உள்ளே நான்கு தட்டுகள், ஒன்றுக்கொன்று 10 சென்டிமீட்டர் இடைவெளி. மரச் சட்டத்தில் கொசுவலையை இழுத்து அடித்தால் தட்டு தயார்.

காற்று கீழே நுழைந்து மேலே வெளியேற வேண்டும். சூடான காற்றும் ஈரக் காற்றும் இரண்டுமே இலேசானவை, தாமாகவே மேலே போகும். அந்தப் போக்கோடு சேர்ந்து வேலை செய்வதுதான் புத்திசாலித்தனம். மேல் பலகையில் 12 சென்டிமீட்டர் கணினி ஃபேன் ஒன்றை, காற்றை வெளியே இழுக்கும்படி பொருத்துங்கள். 12 வோல்ட்டில் ஓடும், சத்தம் குறைவு. ஜாலான் புசார் சிம் லிம் டவரில் ஃபேன், அடாப்டர், தெர்மோஸ்டாட் எல்லாம் ஒரே சுற்றில் வாங்கிவிடலாம். உள்ளே தள்ளுவதைவிட வெளியே இழுப்பதே மேல். இழுக்கும்போது பெட்டியின் சந்து பொந்து வழியே ஈரம் வீட்டுக்குள் கசியாது.

கீழே, பக்கப் பலகையில் 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள நான்கு துளைகள். நான்கின் பரப்பும் சேர்ந்து மேலே உள்ள ஃபேன் வாய்க்குச் சமமாக, சற்றுக் கூடுதலாகவே இருக்கும். சிறிய துளை ஒன்றை மட்டும் போட்டுவிட்டு ஃபேனைக் குறை சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நுழையாத காற்று எப்படி வெளியேறும்? துளைகளின் உட்புறம் எறும்பும் பாச்சையும் வராமல் வலை ஒட்டுங்கள். வெளிப்புறம் பக்கவாட்டில் தள்ளும் ஓர் அக்ரிலிக் மூடி. அதில் முழுத் திறப்பு, அரை, கால் என்று மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். பிறகு குறிப்பு எழுதும்போது அந்தக் கோடுகள்தான் கைகொடுக்கும்.

ஹீட்டர் வைப்பதானால் 100 வாட் அளவுள்ள பிடிசி வகை போதும். சூடு ஏற ஏறத் தன் மின்தடையைக் கூட்டிக்கொண்டு தானே அடங்கும் வகை அது. இருந்தாலும் தெர்மோஸ்டாட் வேண்டும். அது பழுதானால் மின்சாரத்தைத் துண்டிக்க ஒரு வெப்ப உருகியும் வேண்டும். ஃபேன் நின்றால் ஹீட்டரும் நிற்கும்படி இணைப்பு இருக்க வேண்டும். ஹீட்டருக்கு மேலே ஓர் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து மறைப்பாக நிறுத்துங்கள். உலர்ந்த முருங்கை இலை ஒன்று ஹீட்டர் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்பதைச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. இங்கே ஓடுவது 230 வோல்ட். வயரிங் தெரியாதவர்கள் உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் கொடுத்துவிடுங்கள், பாதுகாப்புக் குறி உள்ள அடாப்டரையே வாங்குங்கள். வீட்டில் ஆளில்லாதபோதும் எல்லாரும் உறங்கும்போதும் ஹீட்டர் ஓடக் கூடாது. இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுப்பதில்லை.

மீட்டரை நம்புவதற்கு முன்

ஈரப்பத மீட்டர் இரண்டு வேண்டும். ஒன்று அறையில், கீழ்த் துளைகளுக்குப் பக்கத்தில். இன்னொன்று பெட்டிக்குள் மேல் தட்டுக்கும் ஃபேனுக்கும் நடுவில். விலை மலிவான மீட்டர்கள் ஐந்து, ஏழு புள்ளி பிசகும். அதைச் சரிபார்க்கச் சமையலறையிலேயே வழி இருக்கிறது.

சாதா உப்பை ஒரு சோடா பாட்டில் மூடியில் நிரப்புங்கள். சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழையுங்கள். உப்பு கரைந்து ஓடக் கூடாது, ஈர மணல் போல் நிற்க வேண்டும். மூடியையும் இரண்டு மீட்டர்களையும் ஒரு ஜிப் பைக்குள் வைத்து, கொஞ்சம் காற்றோடு மூடி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். நம் ஊர் வெப்பத்தில் அந்தப் பைக்குள் ஈரப்பதம் 75 விழுக்காட்டில் வந்து நின்றுவிடும். உப்பின் இயல்பு அது. காலையில் என் மீட்டர்களில் ஒன்று 74 காட்டியது, இன்னொன்று 69. இரண்டாவதன் முதுகில் "+6" என்று எழுதி ஒட்டிவிட்டேன். அந்தத் துண்டுச் சீட்டு இல்லாமல் இருந்திருந்தால் ஈரமான இலையைக் காய்ந்துவிட்டது என்று நம்பிப் புட்டியில் அடைத்திருப்பேன்.

வெறும் பெட்டியை ஓட்டுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். இலை போடும் முன் பெட்டியை வெறுமையாக ஒரு மணி நேரம் ஓட்டி, மேல் மீட்டர் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மூடி முழுத் திறப்பில் ஒரு முறை, அரைத் திறப்பில் ஒரு முறை.

என் பெட்டியில் முழுத் திறப்பில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டுவதில்லை. 100 வாட் ஹீட்டரால் அவ்வளவு காற்றைத்தான் சூடேற்ற முடிகிறது. அப்போது ஈரப்பதம் 53. அரைத் திறப்பில் 40 டிகிரி, ஈரப்பதம் 41. இவைதான் என் வெறும்பெட்டி எண்கள். இலை இருக்கும்போது மீட்டர் காட்டுவதற்கும் இந்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் இலை அந்த நேரம் விட்டுக்கொண்டிருக்கும் ஈரம். வித்தியாசம் பெரிதாக இருந்தால் இலை நன்றாக வேலை செய்கிறது. மறைந்துவிட்டால் விடுவதற்கு இலையிடம் ஒன்றும் இல்லை. வெறுமனே "60 காட்டுகிறதே, நல்லதா கெட்டதா?" என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. உங்கள் பெட்டியின் எண் உங்களுக்குத்தான் தெரியும். மழைக்காலத்தில் ஒரு முறை, பிப்ரவரி போன்ற வறண்ட நாள்களில் ஒரு முறை இந்தச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

முதல் தட்டு

முருங்கையிலிருந்து தொடங்குங்கள். சீக்கிரம் காயும், பிழை செய்தாலும் நஷ்டம் குறைவு. சமூகத் தோட்டத்தில் வளர்ந்தது என்றால் தோட்டக்காரர்களிடம் கேட்டு வாங்குங்கள். பூங்கா மரத்திலும் சாலையோர மரத்திலும் பறிக்கக் கூடாது. அலசிய கீரையைத் துணியில் முடிந்து நன்றாக உதறி, ஃபேனடியில் அரை மணி நேரம் வையுங்கள். இலையின் மேல் ஒட்டிய தண்ணீரைக் காயவைக்கப் பெட்டியின் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நான்கு தட்டுக்கும் சேர்த்து 400 கிராம், ஒற்றை அடுக்காக. முருங்கையில் நூற்றுக்கு 77 பங்கு போல் தண்ணீர்தான். முழுதாகக் காய்ந்தால் 400 கிராம் 100 கிராம் ஆகும். தராசு இருக்கிறதல்லவா, தொடங்கும்போதே எடையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

என் குறிப்பேட்டில் ஒரு நாள் இப்படி இருக்கிறது. காலை ஒன்பதுக்கு முழுத் திறப்பு. பத்து மணிக்கு, மேலே உள்ள மீட்டரில் 76. வெப்பம் 30 டிகிரிதான். பதற வேண்டாம், ஆவியாகும் தண்ணீர் காற்றைக் குளிரவைக்கிறது, பானைத் தண்ணீர் குளிர்வது மாதிரி. பதினொன்றுக்கு எடை 250 கிராம். ஒரு மணிக்கு 165, மீட்டர் 62. அப்போது மூடியை அரைக்குத் தள்ளினேன். நான்கு மணிக்கு 108 கிராம், மீட்டர் 46. ஐந்தரைக்கு 100 கிராம், மீட்டர் 42. என் வெறும்பெட்டி எண் 41. முடிந்தது.

இடையில் இரண்டு வேலைகள் உண்டு. கீழ்த் தட்டுக்குத்தான் முதல் சூடான காற்று கிடைக்கும், மேல் தட்டுக்கு மூன்று தட்டுகளின் ஈரத்தைச் சுமந்த காற்றுதான் போய்ச் சேரும். ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கீழ்த் தட்டை மேலும் மேல் தட்டைக் கீழும் மாற்றுங்கள். அப்புறம், கடைசி மணி நேரத்தில் முருங்கை இலை காகிதத் துணுக்குப் போல் இலேசாகி, ஃபேன் இழுப்பில் எழும்பும். ஃபேன் இறக்கையில் பச்சைப் பொட்டுகளாக ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்திருக்கிறேன். மேல் தட்டின் மேல் இன்னொரு வலையைப் போர்த்திவிட்டால் போதும்.

மீட்டர் சொல்வதைக் கேட்பது

முதல் மணி நேரத்தில் 80ஐத் தாண்டி அங்கேயே நின்றால் இலை அதிகம். மூடியைத் தொடாதீர்கள், ஒரு தட்டை வெளியே எடுங்கள். தொடக்கத்திலேயே வெறும்பெட்டி எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால், காற்று இலையைத் தொடாமல் தட்டின் ஓரச் சந்து வழியாக ஏறிவிடுகிறது. தட்டுக்கும் பலகைக்கும் நடுவே உள்ள இடைவெளியை அட்டை வைத்து அடையுங்கள். மீட்டர் இறங்கிக்கொண்டே வந்து திடீரென ஏறினால் வெளியே மழை பிடித்திருக்கும், அல்லது யாரோ சாதம் வடிக்கிறார்கள். அறை மீட்டரைப் பாருங்கள். அதுவும் ஏறியிருந்தால் காத்திருங்கள், இலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவசரத்தில் மூடியைச் சீக்கிரமே மூடிச் சூட்டை ஏற்றுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. ஈரம் நிறைந்த நேரத்தில் சூடும் அடைப்பும் சேர்ந்தால் இலை வெந்துவிடும். கரும்பச்சை நிறம், கீரை வேகும் வாடை, இரண்டும் வந்தால் அதுதான் காரணம். இலையின் ஈரத்தில் பாதியாவது போகும் வரை முழுத் திறப்பை மாற்றாதீர்கள்.

துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் கற்பூரவள்ளிக்கும் 40 டிகிரியைத் தாண்ட வேண்டாம். மணம் தரும் எண்ணெய் காற்றோடு போய்விடும், பெட்டிக்குப் பக்கத்தில் வீடு மணக்கும், பொடி மணக்காது. கறிவேப்பிலையை ஈர்க்கிலிருந்து உருவியே போடுங்கள், ஈர்க்கு காய்வதற்குள் இலை நிறம் மாறிவிடும். கற்பூரவள்ளி சதைப்பிடிப்பான இலை, கத்தரிக்கோலால் நறுக்கிப் போட்டாலும் இரண்டு பகல் பிடிக்கும். புதியவர்கள் அதைத் தள்ளிப் போடலாம். எந்த இலையானாலும் பெட்டியின் கதவு வெளிச்சம் புகாத பலகையாக இருக்கட்டும். கண்ணாடிக் கதவு அழகுதான், ஆனால் ஒளி பச்சையையும் உயிர்ச்சத்து ஏ-க்கு மூலமான கரோட்டினையும் அழிக்கும்.

புகைமூட்ட நாள்களில் பெட்டியை ஓட்டாதீர்கள். 2013 ஜூனில் பிஎஸ்ஐ என்னும் காற்று மாசுக் குறியீடு 401 வரை போனதே, அப்படிப்பட்ட காற்றை மணிக்கணக்கில் இலை வழியாக இழுத்து, பிறகு அதையே சாப்பிட முடியாது. அன்றைக்கு ஏர்கான் அறையில், சன்னல்கள் மூடியபடி செய்யலாம், அல்லது கீரையைக் கூட்டு வைத்துவிடலாம்.

பெட்டியை விட்டு வந்த பிறகு

காய்ந்த இலையை மேசையில் வைத்துவிட்டு தொலைபேசி எடுக்கப் போனால் திரும்பி வருவதற்குள் நமுக்கத் தொடங்கியிருக்கும். 80 விழுக்காடு ஈரக் காற்றில் அப்பளத்துக்கு என்ன ஆகுமோ அதேதான் இதற்கும். ஹீட்டரை அணைத்து, ஃபேனை மட்டும் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, இலை கைச்சூட்டுக்கு வந்தவுடன் நேராகக் கண்ணாடிப் புட்டிக்கு மாற்றுங்கள். சூட்டோடு அடைத்தால் புட்டிக்குள் வியர்க்கும்.

பொடியாக்க இன்னும் ஒரு நாள் பொறுங்கள். உப்புச் சோதனையில் தேறிய சிறிய மீட்டர் ஒன்றை அந்தப் புட்டிக்குள் போட்டு மூடி, அடுத்த நாள் படியுங்கள். இலையின் ஆழத்தில் ஒளிந்திருந்த ஈரம் அதற்குள் வெளியே வந்துவிடும். 55க்குக் கீழே என்றால் தாராளமாக அரைக்கலாம். 55க்கும் 65க்கும் நடுவில் என்றால் இன்னும் ஒரு மணி நேரம் பெட்டியில். 65க்கு மேல் என்றால் இரண்டு, மூன்று மணி நேரம், பிறகு மறுபடியும் புட்டிச் சோதனை. வெள்ளையாகவோ சாம்பலாகவோ ஒரு புள்ளி தெரிந்தாலும் புட்டியோடு கொட்டிவிடுங்கள். திரும்பக் காயவைத்தால் பூஞ்சை சாகலாம், அது விட்டுச்சென்ற நஞ்சு போகாது.

அரைத்த பொடியைச் சிறு சிறு புட்டிகளாகப் பிரித்து வையுங்கள். ஒரே பெரிய புட்டியை நாள்தோறும் திறந்தால் நாள்தோறும் நம் ஊர்க் காற்று ஒரு மடக்கு உள்ளே போகும். நான் 50 கிராம் புட்டிகளில் வைத்து, ஒன்றை மட்டும் அடுப்பு மேடையில் வைத்துக்கொண்டு, மற்றவற்றை இருட்டு அலமாரியில் அடுக்குகிறேன். மூடியில் உலர்த்திய தேதியும், முடியும்போது மேல் மீட்டர் காட்டிய எண்ணும் எழுதியிருக்கும். வலைத் தட்டுகளை அன்றே வெந்நீரில் கழுவி, காலிப் பெட்டிக்குள்ளேயே வைத்து ஃபேனை அரை மணி நேரம் ஓட்டிவிடுங்கள். ஈரத் தட்டை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் அடுத்த முறை இலை போடும் முன்பே பூஞ்சை குடியேறியிருக்கும்.